நாக்கை நீட்டு, அக்கா

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் பையைத் திறந்ததும் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் பரப்பினார். காய்ந்த ஆரஞ்சுத் தோல், சுருங்கிப்போன சீனப் பேரீச்சை, வெள்ளைக் காளான், பென்சில் சீவினால் விழும் சுருள் மாதிரி வேர்கள், பெயர் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும் இரண்டு மூன்று பட்டைகள்.

"இதெல்லாம் என்னம்மா?"

"மருந்து சார். எங்க அக்காவுக்கு."

"அக்காவுக்கு என்ன?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் சார் வந்திருக்கேன்."

டாக்டரா என்று கேட்டார். இல்லை, ஈப்போவில் ஒரு சீன மருந்துக் கடையில் தராசு பிடிக்கிறவள் என்றேன். அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்களுக்கு வரும் இடுப்பு வலிக்கு இதில் ஏதாவது உண்டா என்றார். நான் எடை போடுகிறவள், நோய் பார்ப்பது எங்கள் சின்சே என்றேன். அவர் ஏமாற்றத்தோடு பையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்பிவைத்தார்.

சின்சே என்றால் எங்கள் ஊரில் சீன வைத்தியர். அவர் கடையில்தான் எனக்கு வேலை. முன்னால் உட்கார்ந்து அவர் நாடி பார்ப்பார். பின்னால் நூறு இழுப்பறைகளுக்கு நடுவே நின்று நான் எடை போட்டுப் பொட்டலம் கட்டுவேன். வேலை செய்துகொண்டே காதில் விழுந்ததுதான் என் மருத்துவப் படிப்பு. உடம்புக்குள் ஐந்து உறுப்புகள் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன என்பார் சின்சே. கல்லீரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், சிறுநீரகம். ஒருத்தர் கொழுத்தால் இன்னொருத்தர் இளைப்பார். வைத்தியன் வேலை பஞ்சாயத்து பண்ணுவது.

அக்கா வசந்தாவும் நானும் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்கள். அவள் கல்யாணமாகித் தாம்பரத்துக்கு வந்தாள். அத்தான் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டாள். பிள்ளைகுட்டி கிடையாது. நான் கல்யாணமே வேண்டாம் என்று அம்மா அப்பாவோடு இருந்துவிட்டேன். அம்மா முன்பே போய்விட்டாள். போன வருடம் அப்பாவும் போனார். அதன் பிறகு வீட்டில் நானும் ஒரு சுவர்க்கடிகாரமும்தான். கடிகாரம் என்னைவிட நன்றாகப் பேசும்.

அன்றிலிருந்து போனில் அக்காவிடம் எனக்கு ஒரே பாட்டு, எங்கள் ஊர் 'லா' ஒட்டோடு. "ரெண்டு பேரும் தனித்தனியா எதுக்கு லா? நான் வந்து உன்னைக் கூட்டிக்கிட்டுத்தான் திரும்புவேன். பெட்டியைக் கட்டி வை." அக்கா "பார்க்கலாம்" என்பாள். கொஞ்ச நாளில் குரல் மெலிந்தது. பசியே இல்லை என்றாள். ஆஸ்பத்திரியில் எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் லீவு கேட்டபோது சின்சே பையில் மருந்துகளை நிரப்பி, "போய் அவள் நாக்கைப் பார்த்து எனக்கு போனில் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஆக, அக்காவைக் குணப்படுத்துவது, கையோடு அழைத்துவருவது என்று இரண்டு காரியமாகத்தான் நான் கிளம்பினேன்.

ஆட்டோக்காரர் ஏறியதுமே ஆரம்பித்தார். "இன்னா மேடம், சிங்கப்பூரா?"

"மலேசியா."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. கடலுக்கு அந்தாண்ட கீது."

எனக்குச் சுருக்கென்றது. பல்லாவரம் தாண்டும்வரை அவருக்குப் பூகோளம் நடத்தினேன். குரோம்பேட்டை வந்ததும் அவர் பொறுமையாகக் கேட்டார்: "சென்ட் பாட்டிலு எதுனா கீதா மேடம்?"

அக்கா வாசலில் நின்றாள். புடவை அவளுக்கு வெளியே தனியாக நின்றுகொண்டிருந்த மாதிரி இருந்தது, அவ்வளவு இளைத்திருந்தாள். அதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது அவள் கால். கத்திரி வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் அக்கா காலுறை போட்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"பாதம் சில்லுன்னு இருக்குடி. வயசாச்சு இல்ல." நாற்பத்தெட்டு எல்லாம் ஒரு வயசா என்று நான் சண்டை பிடிப்பதற்குள், "பசியாறினியா?" என்று கேட்டுவிட்டாள். இத்தனை வருடம் தாம்பரத்தில் இருந்தும் அந்த ஒரு ஈப்போ வார்த்தையை அவள் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், தயிர் எல்லாம் எனக்கு. அவள் தட்டில் ஒரு கரண்டி மோர்ச் சாதம். அதையும் சாப்பிடவில்லை. ஆடு மேய்க்கிற மாதிரி தட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டின் முன்கூடம்தான் அவளுடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அத்தான் இருக்கும்போதே தொடங்கியது. மறுநாள் விடிந்தும் விடியாமலும் தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம் கேட்டு விழித்தேன். எழுந்து பார்த்தால் வரிசையாக மெஷின்கள் முன்னால் பெண்கள். செம்பாக்கம், வண்டலூர், கோவிலம்பாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து வந்திருந்தார்கள். லோயர் பாஸ் பண்ணினால் ஒரு வேலை, ஹையர் பாஸ் பண்ணினால் இன்னும் நல்ல வேலை என்ற கணக்கு. அக்கா காலுறையோடு அவர்களுக்கு நடுவே நடந்து, "விரலைப் பார்க்காதே, பேப்பரைப் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த இரைச்சலில் யாருக்குத்தான் பசி எடுக்கும், ஈப்போவில் நம் வீட்டுப் பின்னால் சுண்ணாம்பு மலையும் குயில் சத்தமும்தானே என்று நினைத்துக்கொண்டேன். அக்காவின் நோய்க்குப் பாதிக் காரணம் அப்போதே கண்டுபிடித்துவிட்ட திருப்தி எனக்கு.

பெண்கள் போனதும் அக்கா மறுபடியும் பல் தேய்த்து, குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு, கோயிலுக்குக் கிளம்புகிறவள் மாதிரி வந்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். "இப்போ பாரு" என்று நாக்கை நீட்டினாள். நானும் சின்சே மாதிரியே தலையைச் சாய்த்து, புருவத்தைச் சுருக்கிப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி பளபளவென்று இருந்தது.

தெரு முனையில் சேவியர் அண்ணனின் எஸ்டிடி, ஐஎஸ்டி பூத். மஞ்சள் போர்டு, கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஓடாத ஒரு விசிறி. கூண்டின் கதவு சாத்தாது. அதனால் தாம்பரத்தில் யாருக்கு என்ன குடும்ப விஷயம் என்பது சேவியர் அண்ணனுக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. நான் பேசியது மலாயும் கன்டனீசும் கலந்து. அவர் அப்படியும் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார்.

"நாக்கின் மேல் வெள்ளைப் படலம் இருக்கிறதா?" என்றார் சின்சே. அவருக்குத் தொலைபேசிமேல் நம்பிக்கை கிடையாது. கடல் தாண்டிக் கேட்கவேண்டுமென்று கத்துவார்.

"இல்லை."

"மெல்லிசாகக்கூடவா?"

"துளிகூட இல்லை. வழவழவென்று இருக்கிறது."

அந்தப் பக்கம் அவர் உச்சுக்கொட்டினார். பிறகு, "வயிறு வறண்டு போய்விட்டது. தண்ணீர் வற்றிய சட்டியில் எதைப் போட்டாலும் அடிப்பிடிக்கும். முதலில் ஈரம் சேர்க்கவேண்டும்" என்றார். வெள்ளைக் காளான், காய்ந்த லில்லிக் கிழங்கு, பேரிக்காய், கற்கண்டு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்துக் குளிரவைத்துக் கொடுக்கச் சொன்னார். பேரிக்காய் தவிர மற்றதெல்லாம் பையில் இருந்தது.

பேரிக்காய்க்காகத் தாம்பரம் மார்க்கெட்டை அலசினேன். ஈப்போவில் நடைபாதையில்கூடக் குவித்து விற்பார்கள். இங்கே கேட்டவர்களெல்லாம் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். "பேரிக்காய்லாம் இப்போ வராதும்மா. கொய்யா வாங்கிக்கினு போ. தேனாட்டம் கீது" என்றாள் ஒரு பழக்காரி. கடைசியில் ரயில்வே ஸ்டேஷன் தாண்டி ஒரு கடையில் கிடைத்தது. அவசரத்தில் நான் நடைமேம்பாலத்தில் தவறான பக்கம் இறங்கி, கூட்டம் தள்ளியதில் ஒரு மின்சார ரயிலுக்குள்ளேயே போய்விட்டேன். அடுத்த ஸ்டேஷனான சானட்டோரியத்தில் இறங்கித் திரும்பி வந்தேன். பேரிக்காய் நசுங்கவில்லை. நான்தான் நசுங்கினேன்.

அக்கா நான் கொடுத்ததையெல்லாம் குடித்தாள். முகம் சுளிக்கவில்லை. "நல்லா இருக்கா?" என்றால் "நல்லா இருக்கு" என்பாள். "பெட்டியில எதெது எடுத்துக்கறதுன்னு யோசிச்சியா?" என்றால் "யோசிக்கிறேன்" என்பாள். சின்ன வயசில் என் தலைமுடியைப் பிடித்து ஆட்டியவள், இப்படி எல்லாவற்றுக்கும் தலையாட்டியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு அக்கா எவ்வளவு பக்குவமாகிவிட்டாள் என்று நினைத்தேன்.

உடம்பு மட்டும் தேறவில்லை. வயிறு கல் மாதிரி இருக்கிறது என்றாள். குமட்டியது. காலுறை ஒன்றுக்கு இரண்டானது. மோர்ச் சாதம் அரைக் கரண்டி ஆனது. எங்கள் அம்மாவும் இப்படித்தான், தினம் ஒரு வாய் குறைத்துக் குறைத்தே போய்ச் சேர்ந்தாள். அது நினைவுக்கு வந்தது. வேடிக்கையெல்லாம் போய்விட்டது. அக்காவைக் கையைப் பிடித்து பூத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ரோட்டுலயாடி? ஸ்டூடண்ட்ஸ் பாப்பாங்க."

"பாத்தா பாக்கட்டும். நாக்கை நீட்டு, அக்கா."

கூண்டுக்குள் இரண்டு பேரும் திணறினோம். சேவியர் அண்ணன் கேட்காமலேயே டார்ச் கொண்டுவந்து அடித்தார். நான் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அதே பளபளப்பு. ஒரு படலமும் இல்லை. சின்சே குழம்பிவிட்டார். "நீ சரியாகப் பார்க்கிறாயா என்று சந்தேகமாக இருக்கிறது. பக்கத்தில் ஆரோக்கியமான ஆள் யாராவது இருந்தால் அவர் நாக்கைப் பார்த்து வித்தியாசம் சொல்" என்றார்.

"சேவியர் அண்ணே, உங்களுக்கு உடம்பு நல்லா இருக்கா?"

"காட் இஸ் கிரேட். ஒரு மாத்திரை போட்டதில்ல மேடம்."

"நாக்கை நீட்டுங்க."

அவர் நீட்டினார். வழவழ. வெளியே துபாய்க்குப் பேசக் காத்திருந்த பெண் தானாகவே முன்வந்து நீட்டினாள். அதுவும் வழவழ. சைக்கிளை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த பால்காரரும் தன் பங்குக்கு நீட்டினார். நான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே வந்தேன். "அந்த ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது?" என்றார் சின்சே, உண்மையான கவலையோடு. "ஊரே வயிறு வறண்டு கிடக்கிறதே. உன் நாக்கைப் பார்."

சுவரில் சேவியர் அண்ணன் தலை வாருகிற கண்ணாடி தொங்கியது. என் நாக்கும் பளபளத்தது. "நீ சாப்பிடுகிறாயா?" என்றார். "நாலு வேளையும்" என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டார். 

மறுநாள் காலை பின்பக்கக் குழாயடியில் அக்காவும் நானும் பல் தேய்த்துக்கொண்டிருந்தோம். தேய்த்து முடித்து, வழக்கம்போல ஆளுக்கொரு ஸ்டீல் நாக்குவழிப்பானை எடுத்துக் குனிந்து வழித்தோம். இந்த வீட்டில் "ஆக்" என்றால் மதில் தாண்டி அந்த வீட்டில் "ஆக்" என்று பதில் வருகிறது. அதற்கு அடுத்த வீட்டிலும் யாரோ ஈரல் வெளியே வருகிற மாதிரி வழித்துக்கொண்டிருந்தார். நான் வழிப்பானை வாயிலிருந்து எடுக்காமலேயே அப்படியே நின்றுவிட்டேன். பிறகு வாய்கூடக் கொப்பளிக்காமல் பூத்துக்கு ஓடினேன்.

சின்சே சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. "உங்கள் தமிழ் ஆட்கள் கடைக்கு வந்தால், நாளைக்கு நாக்கை வழிக்காமல் வா என்று திருப்பி அனுப்புவேன். நீ உள்ளே எடை போட்டுக்கொண்டிருப்பாய், கேட்டிருக்கமாட்டாய். நானும் உன்னிடம் சொல்ல மறந்தேன். வைத்தியரைப் பார்க்கப் போகிறோம் என்று நோயை வாசலிலேயே கழுவிவிட்டு வருகிற ஜனங்கள் நீங்கள்."

அக்காவை நாக்கு வழிக்காமல் இருக்க வைப்பதுதான் நான் தாம்பரத்தில் செய்த பெரிய போராட்டம். "குளிக்காம கோயிலுக்குள்ள போற மாதிரி இருக்குடி" என்றாள். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மனம் வராமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பெண்களுக்குப் பாடம் சொல்லும்போது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டாள். டீச்சருக்குப் பல்வலி என்று இன்ஸ்டிட்யூட் முழுக்கச் செய்தி பரவி, கோவிலம்பாக்கத்துப் பெண் ஒருத்தி கிராம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

இரண்டு நாள் பொறுத்து, காலையில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். எனக்கே பயமாக இருந்தது. நாக்கு வெளிறி, ஊதி, ஓரமெல்லாம் பல் பதிந்த தடம். மேலே தயிர் ஆடை மாதிரி ஈரமாகக் கெட்டியான வெள்ளை.

"வறட்சி இல்லை. நேர்மாறு" என்றார் சின்சே. "குளிரும் ஈரமும். சோற்றைச் செரிக்கவேண்டிய மண்ணீரல் என்ற சட்டிக்குக் கீழே சிறுநீரகம் என்ற அடுப்பு எரியவேண்டும். அது அணைந்து கிடக்கிறது. பாதம் சில்லென்று இருக்குமே?"

காலுறையைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. தலையில் குட்டிக்கொண்டேன். அணைந்த அடுப்பில் பேரிக்காய்ச் சாறாக ஊற்றியிருக்கிறேன். இனிப்பையெல்லாம் நிறுத்தி, இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் அந்தப் பட்டைகளும் கொதிக்கவைத்துச் சூடாகக் கொடுக்கச் சொன்னார். போனை வைக்கப் போனவர் நிறுத்தினார்.

"அடுப்பு தானாக அணையாது. கோபம் கல்லீரலைத் தாக்கும். மகிழ்ச்சி அதிகமானால் இதயம். கவலை மண்ணீரல், துக்கம் நுரையீரல், பயம் சிறுநீரகம். ஐந்தில் எது என்று உன் அக்காவையே கேள். அதைக் கேட்காமல் நான் மூட்டை மூட்டையாக மருந்து அனுப்பினாலும் பலனில்லை."

வெளியே வந்தேன். "என்ன மேடம் சொல்றார் உங்க டாக்டர்?" என்றார் சேவியர் அண்ணன்.

"அடுப்பு அணைஞ்சு போச்சாம்."

"கேஸ் சிலிண்டர் வேணும்னா நம்ம பையன் இருக்கான், சொல்லட்டா?"

சிரித்துவிட்டு நடந்தேன். ஆனால் அந்தக் கேள்வியை அக்காவிடம் எப்படிக் கேட்பது? எங்கள் வீட்டில் பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, ரப்பர் விலை ஏறிற்றா என்றெல்லாம் கேட்போம். மனசுக்குள் என்ன என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, "இன்னொரு தலையணை வைக்கட்டுமா?" என்றுதான் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்துக்குப் போனோம். அங்கே மீன் விற்கிற கன்னியம்மாவின் மகள் அக்காவிடம் ஹையர் படிக்கிறாள். டீச்சரின் தங்கச்சி மலேசியாவிலிருந்து வந்திருக்கிறாள் என்று தெரிந்து கன்னியம்மா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். டீச்சர் சாப்பிடுவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். என் மீன் குழம்புக்கு வராத பசி என்ன பசி என்று மகளிடம் சவால் விட்டிருந்தாளாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு. வண்டலூரில் மிருகக்காட்சி சாலைக்குப் போகிற குடும்பங்களெல்லாம் இறங்கியதும் கொஞ்சம் மூச்சு விட்டேன். கேளம்பாக்கம் தாண்டி உப்பளங்கள் தெரிந்த இடத்தில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "அல்லாரும் எறங்குங்க. வண்டி இன்னிக்கு செம பேஜார் பண்ணுது. டயம் ஆவும்."

எங்கள் ஊராக இருந்தால் ஆளாளுக்குப் புகார் சொல்லத் தொடங்கியிருப்போம். இங்கே ஒருவர் முகத்திலும் சலனம் இல்லை. கையில் இருந்த துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பம் புளியோதரையை அவிழ்த்தது. எங்கிருந்து வந்தாள் என்றே தெரியாமல் ஒரு நுங்குக்காரி கூடையோடு வந்து உட்கார்ந்தாள். பஸ் நிற்கப்போவது அவளுக்கு முன்பே தெரியும் போலிருந்தது.

அக்காவும் நானும் ஒரு பனைமரத்தின் நிழலில் உட்கார்ந்தோம். பனைமர நிழல் எவ்வளவு இருக்கும்? அக்கா அதிலும் பாதியை எனக்கு விட்டு நகர்ந்தாள். இனித் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

"அக்கா, சின்சே உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. கோபம், சந்தோஷம், கவலை, துக்கம், பயம். இந்த அஞ்சுல உனக்கு எது?"

"என்னடி இது, பரீட்சை மாதிரி? நம்ம நாட்டு வைத்தியத்துல வாதம், பித்தம், கபம்னு மூணோட விட்டுடுவாங்க."

"சொல்லு லா."

அக்கா உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

"பயம்" என்றாள்.

"எதுக்குப் பயம்? தனியா இருக்கறதுக்கா? அதுக்குத்தானே நான்…"

"தனியா எங்கடி இருக்கேன்? விடிஞ்சா கூடம் நிறையப் பொண்ணுங்க. எவளுக்கோ வேலை கிடைச்சிருக்கும், எவளுக்கோ கல்யாணம் நின்னிருக்கும், எல்லாம் எங்கிட்டதான் வந்து நிக்கும்."

"அப்ப எதைப் பார்த்துப் பயம்?"

"உன்னைப் பார்த்துத்தான் சுசீ."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நீ போன்ல பெட்டியைக் கட்டி வைன்னு சொல்லுவே. நான் சாப்பிட உக்காந்தா தட்டுக்கு முன்னாடி அந்தப் பெட்டி வந்து நிக்கும். இந்த வீட்டை விட்டு, இந்தப் பொண்ணுங்களை விட்டு, அங்க வந்து நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு அங்க தெருப் பேருகூட மறந்து போச்சு."

"வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எந்த வாயால சொல்றது? அம்மாவைப் பார்த்துக்கிட்டது நீ. அப்பாவைப் பார்த்துக்கிட்டது நீ. நான் இங்க பூத்துல நின்னு அழுதேன், அவ்வளவுதான் பண்ணேன். ஆயுசுல எங்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறே. அதையும் மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. வரேன்னு சொல்லவும் வரலை."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வருடமாக நான் கட்டிய கோட்டை. அவளுக்கென்று ஒதுக்கிய அறைக்குத் திரைச்சீலைகூட வாங்கித் தொங்கவிட்டிருந்தேன். எழுந்து உப்பளத்துப் பக்கம் விறுவிறுவென்று நடந்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கோபித்துக்கொண்டு போய் நிற்பதற்கு அந்த ரோட்டில் வேறு மரமும் இல்லை. கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்த்தேன். காலுறை போட்ட கால்களை நிழலுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, குற்றம் செய்த பெண்ணைப் போல அக்கா குனிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டு பயப்படுகிற ஒரு ஜீவன் உலகத்தில் இருக்கும், அது என் அக்காவாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. கோபம் அங்கேயே நின்றுவிட்டது. நான் திரும்பி வந்தேன்.

"நீ வர வேணாம்க்கா."

"கோவமா சொல்றியா?"

"இல்லை. நெசமாத்தான் சொல்றேன். நீ இங்கேயே இரு. நான் வருஷா வருஷம் வந்து பார்த்துட்டுப் போறேன்."

அக்கா என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதில் எங்கேயாவது பொய் இருக்கிறதா என்று தேடுகிற பார்வை. பிறகு நுங்குக்காரியைக் கூப்பிட்டாள். ஒன்று வாங்கி, கட்டை விரலால் தோண்டி, முழுக்கச் சாப்பிட்டாள். இன்னொன்று கேட்டாள். குளிர்ச்சியான பதார்த்தம், சின்சேவுக்குத் தெரிந்தால் கத்துவார். நான் காசை எடுத்துக் கொடுத்தேன்.

பஸ் எப்படியோ கிளம்பியது. கோவளத்தில் கன்னியம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். "இன்னா டீச்சர், இம்மா நேரம்? சோறு ஆறிப்பூடுச்சு" என்று உள்ளே இழுத்துப் போனாள். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். ஈப்போவில் மீனுக்கு நாங்கள் புளி குறைத்து, இஞ்சி சேர்ப்போம். அதுதான் உலகத்திலேயே உயர்ந்தது என்பது என் கட்சி. அன்றைக்குக் கட்சி மாறினேன்.

அக்கா முதலில் கொஞ்சமாகப் பிசைந்தாள். பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டாள். பிறகு கன்னியம்மா கேட்பதற்கு முன்பே தட்டை நீட்டினாள்.

"இன்னா டீச்சர், எம்மா நாளு பட்டினி கெடந்தீங்க? ஊட்ல உங்களுக்கு யாரும் துன்ன குடுக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே கன்னியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"குடுத்தாங்க கன்னியம்மா. பேரிக்காய்" என்றாள் அக்கா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அவள் ஒவ்வொரு நெத்திலியாக எடுத்து வாயில் போட்டுக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது.

கன்னியம்மா தண்ணீர் எடுக்கப் பின்னால் போனாள். அக்கா தட்டைப் பார்த்தபடியே பேசினாள்.

"சுசீ, அந்தப் பெரிய வீட்ல நீ மட்டும் என்னடி பண்ணப்போறே? பேசாம நீ இங்க வந்துடேன். மேல ஒரு ரூம் போட்டுக்கலாம். உனக்கு எடை போடத் தெரியும், கணக்குத் தெரியும், இன்ஸ்டிட்யூட்டை ரெண்டு பேரும் பார்த்துக்கலாம். வந்துடு."

அன்பாகத்தான் கேட்டாள். என் கை அப்படியே நின்றது. சின்சே கடையின் இழுப்பறைகள், அதில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் என் கை, கடை மூடுகிற நேரத்தில் எனக்கென்று ஒரு கிளாஸ் கோப்பி வாங்கி வைத்துவிட்டு வாங்காத மாதிரி நடிக்கிற சின்சே, வீட்டுப் பின்னால் மழைக்கு முன் கறுத்து நிற்கும் மலை, எல்லாம் வந்து தட்டுக்கு முன்னால் வரிசையாக நின்றன. தாயும் தகப்பனும் இல்லாத எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சொந்தம் இவள். இவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? வாயில் இருந்த சோறு உள்ளே போகமாட்டேன் என்றது. அடிவயிற்றில் யாரோ ஈரத் துணியைப் பிழிந்து போட்டது மாதிரி சில்லென்று இருந்தது.

அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்து என் சோற்றின்மேல் வைத்தாள்.

"சாப்பிடுடி. நான் சும்மாதான் கேட்டேன்."

அதைக் கேட்ட பிறகுதான் அந்த வாய்ச் சோறு எனக்கு உள்ளே இறங்கியது. என்னிடமிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதற்கு அக்கா ஒரு வருடம் காத்திருந்திருக்கிறாள்.